முக்கால்வாசி முடிந்த கூரை

மனித குலம் கூரை போடத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் ஒரு கூரை எவ்வளவு தூரம் ‘ஈட்டப்பட்டிருக்கிறது’ என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை கண்டுபிடித்த பெருமை, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் குளத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் குறுக்குத் தெருவைத்தான் சேரும். அதற்கு முன்பெல்லாம் ஜனங்கள் தலையை நிமிர்த்திப் பார்ப்பார்கள். ஓடு தெரிந்தால் கூரை இருக்கிறது என்பார்கள். வானம் தெரிந்தால் இல்லை என்பார்கள். எவ்வளவு பின்தங்கிய முறை!

இதையெல்லாம் நேரில் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் மாடி ஜன்னல் பொன்னம்மையின் வீட்டைப் பார்த்து அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஜன்னல் வைத்தவர் என் மாமனார். குறை சொல்வதானால் அவரைச் சொல்லுங்கள்.

பொன்னம்மைக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் இல்லை. முன்னறையில் ஒரு பெரிய கிரைண்டரை வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவில் நாற்பது வீட்டுக் காலைச் சாப்பாடு அந்த அறையிலிருந்துதான் புறப்பட வேண்டும். வீடோ நான்கு அறை கொண்ட பழைய ஓட்டு வீடு. போன மழைக்கு முன்னறையில் மட்டும் ஏழு இடத்தில் ஒழுகியது. எண்ணியது நான்தான். கிரைண்டருக்கு மேலே குடையைக் கட்டி வைத்து அரைத்தாள்.

“இந்த வருஷம் மோட்டார்ல தண்ணி இறங்கிச்சுன்னா தீர்ந்தது சரோஜம். இன்னொரு கிரைண்டர் வாங்க எனக்கு வகையில்ல” என்று என்னிடம் சொன்னாள். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் மட்டும் சொன்னேன்.

சங்கம் பொங்கி எழுந்தது. வீடு வீடாக வசூல் செய்து ஆறு லட்சம் ரூபாய் சேர்த்தது. ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்பு, மே இருபத்தெட்டுக்குள், பொன்னம்மைக்குப் புதுக் கூரை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அத்தோடு விட்டிருந்தால் நாங்களும் சாதாரணத் தெருவாகவே இருந்திருப்போம்.

கூரை வேலைக்குக் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வேலப்பன் மேஸ்திரி வந்தார். நான்கு ஆட்கள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னார்.

“நாலு முறி இருக்குல்லா சாரே. பொறத்த அடுக்களையில தொடங்கி ஒவ்வொரு முறியா வாறேன். ஒரு முறிக்க ஓட்டப் பிரிப்பேன், ஓட்டத் தாங்குக உளுத்த கழுக்கோல மாத்துவேன், திரும்ப ஓடு போடுவேன், பொறவு அடுத்த முறி. ஒண்ணுக்கு ஆறு நாளு. எடையில மழ வந்தாலும் ஒரு முறிதான் நனையும், பாத்துக்கிடுங்க. சேச்சிக்கு மாவும் முடங்காது.”

கேட்கவே பரிதாபமாக இருந்தது. ஒரு வரைபடம் உண்டா? ஒரு சதவீதம் உண்டா?

நல்லவேளையாக எங்கள் சங்கச் செயலாளர் செல்வகணேஷ் அங்கே இருந்தார். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிராஜெக்ட் மேனேஜர். பத்து வருடத்தில் மூன்று பதவி உயர்வு. நான்காவது ஏன் தள்ளிப்போகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க ஹாலில் புரொஜெக்டரைப் போட்டு, சுவர் முழுக்க ஒரு பச்சை சிவப்புப் படத்தை விழவைத்தார்.

“செலவு எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் பாத்தா போறாது அங்கிள். இன்னிக்கு எவ்வளவு ரூபாய்க்கு வேலை நடந்திருக்கணும், எவ்வளவு ரூபாய்க்கு வேலை நடந்திருக்கு, அதுக்கு எவ்வளவு செலவாச்சு. இந்த மூணையும் சாஃப்ட்வேர்ல போட்டா பிராஜெக்டோட ஆரோக்கியம் தெரிஞ்சிடும். ஒண்ணுக்கு மேல இருந்தா பச்சை. கீழ போனா சிவப்பு.”

சங்கத் தலைவர் பகவதிப்பெருமாள் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கருவூலத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பணத்தைப் பிடித்து வைப்பதில் முப்பத்தோரு வருட அனுபவம்.

“ஓடு போட்டாச்சா இல்லியான்னு மேல நோக்கினா போதாதாடே?”

“அது வெறும் அபிப்பிராயம் அங்கிள். இது டேட்டா.”

ஹாலில் கைதட்டல். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

நான்கு அறை, ஓடு பிரித்தல், மரம் மாற்றுதல், ஓடு போடுதல் என்று அறைக்கு மூன்று வேலை, ஆக மொத்தம் பன்னிரண்டு வேலை. ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஐம்பதாயிரம் ரூபாய் ‘மதிப்பு’ என்று செல்வகணேஷ் நிர்ணயித்தார். பின் வரிசையிலிருந்த வேலப்பன் கையைத் தூக்கினார்.

“ஓட்டப் பிரிக்க அரை நாளு மதி சாரே. கூலி மட்டுந்தான். கழுக்கோலு மாத்துகதுல்லா பாடு? மரத்துக்கே பாதிக் காசு போயிருமே. ரெண்டுக்கும் எப்பிடி ஒரே வெல?”

“சராசரியில சரியாயிடும் மேஸ்திரி.”

“சராசரி எப்ப வரும்?”

“கடைசில வரும்.”

வேலப்பன் உட்கார்ந்துவிட்டார். வாரம் ஒருமுறை பார்க்கும்போது திரை பச்சையாக இருந்தால்தான் அடுத்த தவணைப் பணம் என்று தலைவர் அறிவித்தார். முதல் தவணை மட்டும் உடனே. வேலை தொடங்கியதா, முடிந்ததா என்று கண்டு சொல்ல ஒரு ‘சுதந்திரப் பார்வையாளர்’ வேண்டும் என்றார் செல்வகணேஷ். ஹாலே என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பொத்தான்: ‘தொடங்கவில்லை’, ‘தொடங்கியது’, ‘முடிந்தது’. ‘பெய்தால் நனையுமா’ என்றொரு பொத்தான் இல்லை. அப்படி ஒன்று தேவை என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

முதல் வாரம் வேலப்பன் தன் பழைய வழியிலேயே போனார். அடுக்களைக் கூரையைப் பிரித்தார், புது மரம் ஏற்றினார், ஓடு போட்டார். ஆறே நாளில் முடிந்தது. பொன்னம்மை ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. முன்னறையில் கிரைண்டர் ஒரு நாளும் நிற்கவுமில்லை.

திரை ரத்தச் சிவப்பாக இருந்தது.

செல்வகணேஷின் அட்டவணைப்படி அந்த வாரத்துக்குள் நான்கு அறை ஓடும் பிரித்து முடிந்து, ஓர் அறைக்கு மரமும் மாறியிருக்க வேண்டும். அதாவது இரண்டரை லட்ச ரூபாய் வேலை. நடந்திருந்ததோ ஒன்றரை லட்சத்துக்குத்தான். ஆரோக்கியம்: பூஜ்யம் புள்ளி ஆறு பூஜ்யம்.

“பூஜ்யம் புள்ளி ஆறுன்னா ஐசியூல கிடக்கிற நிலைமை அங்கிள்” என்றார் செல்வகணேஷ்.

“ஒரு முறி முடிஞ்சாச்சே சாரே. கேறிப் பாருங்க” என்றார் வேலப்பன்.

“முடிஞ்சிருக்கு மேஸ்திரி. ஆனா ஈட்டல.”

தலைவர் தவணையை நிறுத்தி வைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை ஓய்வு பெற்ற பிறகு நான் பார்த்ததில்லை. கூலி இல்லாமல் ஆட்கள் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் செல்வகணேஷ் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் மூழ்கிக் கிடந்து ஒரு முத்தோடு வெளியே வந்தார். அதற்குப் பெயர் ‘ஐம்பதுக்கு ஐம்பது விதி’. ஒரு வேலை தொடங்கிய உடனேயே அதன் மதிப்பில் பாதி ஈட்டியதாக ஆகிவிடும். முடியும்போது மீதிப் பாதி. நடுவில் யார் எவ்வளவு வியர்வை சிந்தினாலும் கணக்கில்லை. விதி மென்பொருளோடு சேர்ந்தே வருவது, அவர் கண்டுபிடித்ததல்ல. ஆனால் ஒரு கூரையில் அதைப் பொருத்திப் பார்க்கும் துணிவு இருக்கிறதே, அது அவருடையது.

மறுநாள் காலை வேலப்பனைக் கூப்பிட்டு, மிச்சமிருந்த மூன்று அறையின் ஓட்டையும் ஒரே நாளில் பிரிக்கச் சொன்னார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அதனால் காதில் விழுந்தது.

“மொத்தமும் ஒண்ணா தொறந்து போட்டா, மழ வந்தா எங்க சாரே போறது?”

“மழை ஜூன் ஒண்ணாம் தேதிதான். ஆபத்துப் பட்டியல்ல அதையும் போட்டிருக்கேன்.”

“பட்டியல்ல போட்டா வராதா?”

“வந்தா யார் பொறுப்புன்னு போட்டிருக்கேன்.”

“யாரு?”

“வேலப்பன்.”

மேஸ்திரி தலைத்துண்டை உதறிக் கட்டினார். அவருக்கும் நான்கு பேருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஏணியை எடுத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்குள் மூன்று அறையும் வானத்தைப் பார்த்தன. ஓடு பிரித்தல் மூன்றும் ‘முடிந்தது’. அடுத்து, ஒவ்வொரு அறைச் சுவரிலும் புது மரம் ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். மரம் மாற்றுதல் ‘தொடங்கியது’. கடைசியாக வேலப்பன், அறைக்கு ஒன்று வீதம், உளுத்துப்போன பழைய கழுக்கோல் மீதே ஒற்றை ஓட்டைக் கொண்டுபோய், சாமி படத்துக்குப் பூ வைப்பது போல மெல்ல வைத்துவிட்டு இறங்கினார். ஓடு போடுதல் ‘தொடங்கியது’.

பொன்னம்மை கிரைண்டர் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன வேலப்பா இது? ஒத்த ஓடு?”

“தொடங்கியாச்சு சேச்சி.”

“எதத் தொடங்கியிருக்கே?”

“எனக்கும் அறிஞ்சுகூடா சேச்சி. சார் சொன்னாரு.”

நான் ஜன்னலிலிருந்தபடியே ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். பொய்யாக ஒன்றைக்கூட அழுத்தவில்லை. தொடங்கியதைத் தொடங்கியது என்றேன். முடிந்ததை முடிந்தது என்றேன். ஒரு சுதந்திரப் பார்வையாளரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் திரையைப் போட்டதும் ஹால் முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவியது. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஈட்டிய மதிப்பு நான்கரை லட்சம். அன்றுவரை நடந்திருக்க வேண்டியது மூன்று லட்சம். ஆரோக்கியம்: ஒன்று புள்ளி ஐந்து பூஜ்யம். கூரை எழுபத்தைந்து சதவீதம் முடிந்துவிட்டது.

“அதுமட்டுமில்ல அங்கிள்” என்றார் செல்வகணேஷ். “நாம செலவழிச்சது ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான். ஈட்டினது நாலரை லட்சம். ரெண்டு லட்சத்து எழுபதாயிரம் மிச்சம் பிடிச்சிருக்கோம்!”

தலைவர் முன்னால் சாய்ந்தார். “அந்த ரெண்டு எழுபது எங்க இருக்கு?”

“மதிப்புல இருக்கு அங்கிள்.”

“பேங்க்ல?”

“பேங்க்ல நாலு லட்சத்து இருபதாயிரம் இருக்கு. மீதி வேலை கால்வாசிதான். அதுக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கிட்டா, அப்போ பேங்க்லயும் அதே ரெண்டு எழுபதுதான் மிஞ்சுது!”

இரண்டு பக்கமும் ஒரே எண் வந்துவிட்டால் கருவூலக்காரரின் உள்ளம் உருகிவிடும். பகவதிப்பெருமாள் சார் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

பொன்னம்மை எழுந்தாள். “சாரே, முன்முறியில வெயிலு நேரா அடிக்குது. பத்து மணிக்கே மாவு புளிச்சிருது. காக்கா உள்ள வந்து உளுந்தக் கொத்துது. கூரை எங்க?”

“அது அந்த மீதி இருபத்தஞ்சு சதவீதம் ஆன்ட்டி” என்றார் செல்வகணேஷ் கனிவாக.

“எழுபத்தஞ்சு சதவீதம் எது?”

“அது நீங்க பாக்கறதுதான்.”

பொன்னம்மை வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். அதில் இரண்டு வார்த்தை எனக்குக் கேட்டது. அச்சில் போட முடியாது.

கால்வாசி வேலைக்கு நான்கு ஆள் எதற்கு என்று தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒன்றரை லட்சத்தில் மூன்று அறைக்கும் மரம் வாங்க முடியாது என்று வேலப்பன் கையைப் பிசைந்தார். “சராசரி இன்னும் வரல்லியா சாரே?” என்றும் கேட்டார். அவரை ‘ஒத்துழைப்புக் குறைவு’ என்ற தலைப்பில் பதிவு செய்தார்கள். மிச்சம் பிடித்த பணத்தில் சங்க ஹாலுக்கு ஒரு ஏசி மாட்டவும், இந்தச் சாதனைக்கு உழைத்தவர்களுக்குப் பாராட்டு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தவும் முடிவாயிற்று. ஏசி வேலை குறித்த நாளில் தொடங்கி, குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. ஏசி மாட்ட வந்த பையன்களை யாரும் சதவீதம் கேட்கவில்லை.

மே இருபத்திரண்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு மழை வந்தது. ஜூன் ஒன்றாம் தேதிதான் தன் நாள் என்பதை அது பார்க்கவேயில்லை.

நான் ஜன்னலில் இருந்தேன். வேலப்பனும் இரண்டு ஆட்களும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று அறைக்கு மூன்று பேர். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. ஒற்றை ஓடுகள் மூன்றும் அதனதன் இடத்தில் கடமை தவறாமல் இருந்தன. கீழே பொன்னம்மை புடவைத் தலைப்பைக் கிரைண்டர் மோட்டார் மேல் விரித்து, அதன்மேல் தானே குனிந்து படுத்துக்கொண்டாள். நனையாத அறை அடுக்களை ஒன்றுதான். அந்த வாசலிலோ கிரைண்டர் நுழையாது. இரண்டு மூட்டை அரிசியும் உளுந்தும் என் கண் முன்னால் ஊறின.

“சரோஜம்! நோக்கிட்டு நிக்காதே, யாரையாவது விளி!” என்று கத்தினாள்.

நான் விளிக்கத்தான் போனேன். ஆனால் அதே நேரத்தில் போன் மணி அடித்து, ‘இன்றைய நிலவரத்தைப் பதிவு செய்யவும்’ என்று கேட்டது. எதையும் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது. பதிவு செய்தேன். மாற்றம் எதுவும் இல்லை. எழுபத்தைந்து.

வேலப்பன்தான் யாரையும் கேட்காமல் சங்க ஹாலின் பூட்டை உடைத்தார். கிரைண்டரை மூன்று பேரும் சுமந்து கொண்டுபோய், புது ஏசிக்கு நேர் கீழே இறக்கினார்கள். மோட்டாரைக் கழற்றி அதன் காற்றில் மூன்று நாள் காய வைத்தாள் பொன்னம்மை. அந்த மூன்று நாளும் நாற்பது வீட்டிலும் காலையில் பிரெட். நாலாம் நாள் மோட்டார் இருமியது, தும்மியது, பிறகு சுற்றியது. அவள் ஹாலிலேயே பாயை விரித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. முந்தின நாள் தலைவர் செயலாளரோடு வந்தார். நானும் போனேன், எனக்கு அங்கே வேலை இருந்தது, என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

“பொன்னம்மே, உன் கஷ்டம் மனசிலாகுது. ஆனா நாளைக்கு விழா. எப்போ ஹாலை ஒழிஞ்சு தருவே?”

பொன்னம்மை ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். வாசலுக்குப் போய் வெளிப் படியில் வைத்தாள். திரும்பி வந்து மாவை வழிக்க ஆரம்பித்தாள்.

“ஒழியத் தொடங்கியாச்சு சாரே. பாதி ஒழிஞ்சாச்சு. கணக்குல போட்டுக்கிடுங்க.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கப்பைப் பார்த்தார். விதி என்றால் விதி. செல்வகணேஷின் விரல் தானாகப் போனை எடுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதைப் பதிவு செய்தார்.

“இப்போ எவ்வளவு?” என்று கேட்டார் தலைவர் தளர்ந்த குரலில்.

“ஐம்பது சதவீதம் அங்கிள். பச்சைதான்.”

ஆகவே விழா ஹாலின் ‘ஒழிந்த பாதி’யில் நடந்தது. மறுபாதியில் கிரைண்டர் ஓடியது. நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, மறுநாள் இட்லி வேண்டுமே. ஏசி குளுகுளுவென்று வேலை செய்தது. வெளியே கொட்டியது. பக்கத்துத் தெருச் சங்கத்தார் குடையோடு வந்து, அவர்கள் ஓடையைத் தூர் வாருவதற்கு இந்த முறையைப் பயன்படுத்தலாமா என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வேலப்பனை அழைக்கவில்லை, மீதி இருபத்தைந்து சதவீதத்துக்கு அவர்தானே பொறுப்பு. அவர் பொன்னம்மை வீட்டு மேல் ஏறி, தன் கைக்காசில் வாங்கிய இன்னொரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். தலைவருக்கு ஒரு பொன்னாடை. செயலாளருக்கு ஒரு பொன்னாடை, ஒரு கேடயம். கடைசியாக, ‘ஒரு நாள்கூடத் தவறாமல் உண்மையை மட்டுமே பதிவு செய்த’ சுதந்திரப் பார்வையாளரை மேடைக்கு அழைத்தார்கள். கிரைண்டர் சத்தத்தில் என் பெயர் சரியாகக் கேட்கவில்லை. இருந்தாலும் நான் போனேன்.

நல்ல பொன்னாடை. மெரூன் நிறம், இரண்டு விரல் அகலத்துக்குச் சரிகை. மேடையிலிருந்து இறங்கியபோது பொன்னம்மை கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. பொன்னாடையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள், துணிக்கடையில் பார்ப்பது போல.

“நல்ல கனமாத்தான் இருக்கு சரோஜம்” என்றாள். “இது எந்த முறிக்க ஓடு?”

முன்னறையாக இருக்கலாம். அந்த அறைக்கு மேலே வானம்தான் இருக்கிறது என்பதை ஜன்னலிலிருந்து நன்றாகப் பார்த்துவிட்டு, ஓடு பிரித்தலுக்கு ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தியவள் நான்தான்.